மோட்டார் ரூம் பூட்டு

எங்கள் மலைக்கு எல்லோரும் ஏதாவது கேட்கத்தான் போவார்கள். நான் போனது ஒருவர் வாயைப் பூட்ட.

உச்சியில் ஒரு பெரிய பாறை. அதன் ஒரு பக்கம் முனியப்பன், மறுபக்கம் பச்சைத் துணி போர்த்திய தர்கா. கொஞ்சம் தள்ளி ஒரு குகை. எப்போதோ ஒரு பாதிரியார் அங்கே தங்கி ஜெபம் செய்தாராம். அவருக்காகச் சிலுவை நட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் நடுவில் சுனை. வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து தீர்த்தமலை தெரியும். முனியப்பனுக்கு முன்னால் இரண்டு கல்லுக்கு நடுவே சங்கிலி கட்டியிருக்கும். நம்மைக் கெடுத்தவர் பேரைச் சொல்லி அதில் பூட்டுப் போட்டு, சாவியைப் பள்ளத்தில் எறிந்துவிட வேண்டும். அவர் குடும்பத்தில் அதன்பிறகு ஒரு நல்ல காரியமும் நடக்காது என்பார்கள். மூன்று சாமியைக் கும்பிடுகிறவர்களும் போடுவார்கள். தொங்குகிற பூட்டில் எது யாருடையது என்று தெரியாது.

நான் பூட்ட நினைத்தது என் மனைவியின் அண்ணனை. அவர் மகனுக்கு என் பெண்ணைக் கேட்டார். பையன் குடிப்பான், கொடுக்கவில்லை. காரிமங்கலம் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்து, தட்டு மாற்றுகிற வரைக்கும் வந்தது. திடீரென்று வேண்டாம் என்றார்கள். பெண்ணுக்கு வலிப்பு என்று மச்சானே நேரில் போய்ச் சொன்னதாகத் தரகர் சொன்னார். என் பெண்ணுக்கு ஜுரம் வந்தே நான் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டில் சொன்னேன். “எங்கண்ணன் அப்பிடிப்பட்ட ஆளில்லீங்க” என்று மனைவி அழுதாள். மச்சானை நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, நான்கு பேர் இருக்கிற இடத்தில் பேசியும் பழக்கமில்லை. அவர் ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை பேசுவார். காரிமங்கலம் சந்தையில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினேன்.

துணைக்குப் பாய் வந்தார். கம்பைநல்லூரில் மெத்தை தைக்கிறவர், என்னோடு பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர். ஏறும்போது பூட்டை வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

“ஏம்பா, இவ்வளவு பெருசா? மச்சானுக்கா, மாட்டுக் கொட்டாய்க்கா?”

“அவரு வாய்க்கு இதுவே பத்தாது.”

“உனக்குந்தான் வாயிருக்கு, பேசலாமில்ல? எங்கிட்டப் பேசற மாதிரி அவருகிட்டப் பேசு.”

“அவரு வுட்டாத்தான?”

எங்கள் சுனையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரைத் தானே மொண்டு குடிக்கக் கூடாது. வேறு சாமி கும்பிடுகிற ஒருவர் சொம்பில் மொண்டு ஊற்ற, குனிந்து கையேந்திக் குடிக்க வேண்டும். ஊற்றுகிறவர் நிறுத்தும்வரை தலையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் வேண்டி வந்த காரியம் பலிக்காது. எனக்குப் பாய் ஊற்றினார். அவருக்கு நான் ஊற்றினேன். சங்கிலியிடம் போகத் திரும்பினால், படியில் மூச்சிரைக்க ஏறி வருகிறார் மச்சான்.

“அடடே, மாப்ள! நீங்களுமா? பையனுக்கு ஒரு பொண்ணு அமையணும்னு வேண்டிக்கிட்டு வந்தேன்” என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் பாயின் முன்னால் போய்க் குனிந்தார். “ஊத்துங்க பாய், தொண்டை காஞ்சு போச்சு.”

நான் பாயின் கையைப் பிடித்தேன். “ஊத்தாதீங்க.”

“வுடுப்பா. தண்ணிய நிறுத்தறது பாவம்.” பாய் சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மச்சான் வாயில் தண்ணீர். தலையைத் தூக்க முடியாது.

“பொண்ணு குடுக்கலன்னுதான, எம்பொண்ணுக்கு வலிப்புன்னு மாப்பிள்ளை வூட்டுல போய்ச் சொன்னீங்க?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அவள இடுப்புல வெச்சு வளத்த மாமன் நீங்க. என்னைக்குங்க அவளுக்கு வலிப்பு வந்துச்சு?”

மச்சான் தோள் துடித்தது. தலை எழவில்லை. தூக்கினால் மகன் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டது பலிக்காதே. பாய் ஊற்றிக்கொண்டே இருந்தார். சொம்பு காலியாகும் முன்னே இன்னொரு சொம்பை மொண்டு கொடுத்தேன். தரகர் சொன்னது, என் பெண் சாப்பிடாமல் கிடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி நின்ற கூட்டத்தில் மெழுகுவத்தியோடு வந்த ஓர் அம்மா, “நல்லா ஊத்துங்க பாய், அவருக்கு இன்னும் தாகம் அடங்கல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பாய் நிறுத்தியதும் மச்சான் நிமிர்ந்தார். சட்டை முழுக்க ஈரம். யார் முகத்தையும் பார்க்கவில்லை, சாமியும் கும்பிடவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

மெழுகுவத்தி அம்மாவுக்கு அந்த மாப்பிள்ளையின் ஊர்தான். அடுத்த சந்தைக்குள் தரகர் வந்து நின்றார், மறுபடி பேசலாம் என்கிறார்கள் என்று. என் பெண் ஒரே பேச்சில் முடித்தாள்: “நாளைக்கு வேற யாராச்சும் எதையாச்சும் சொன்னா அதையும் நம்புவாங்கப்பா. எனக்கு வேணாம்.” அதில் எனக்கு வருத்தமில்லை. மச்சான்மேல் கோபம்தான் இன்னும் கூடியது.

அன்று பேசி முடித்ததும் சங்கிலிப் பக்கம் போகவே மறந்துவிட்டேன். பாயோடு அப்படியே இறங்கி வந்துவிட்டேன். பூட்டு பையிலேயே இருந்தது. மோட்டார் ரூமில் பழைய பூட்டு துருப்பிடித்திருந்ததால் இதை அங்கே போட்டேன்.

மச்சான் மகனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. போன மாதம் அவரே தோட்டத்துக்கு வந்தார். மோட்டார் ரூம் கதவில் சாய்ந்து நின்றார். பித்தளைப் பூட்டு அவர் முழங்கையில் இடித்தது. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

“அன்னிக்கு மலையில எம்பேர்ல பூட்டு போட்டுட்டீங்களாமே. தப்புத்தான் மாப்ள. போய்த் தொறந்துடுங்க.”

சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. “பள்ளத்துல எறிஞ்சாச்சுங்க மச்சான்” என்றேன்.

பாய்க்கு மட்டும் தெரியும். சொல்லிவிடு என்கிறார். என் பெண்ணுக்கு ஒரு நல்ல இடம் அமையட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம்.