இரண்டு மிசினும் ஒரு கிணறும்

என்ரை காது ஒரு சனியன் பிடிச்ச காது. தெருவாலை ஒரு கார் போனால், நாலு சிலிண்டரிலை எது ஒழுங்காய் அடிக்கேல்லை எண்டு சோத்துக் கோப்பையிலை கையை வைச்சுக்கொண்டே சொல்லுவன். சொல்லுறதோடை நிண்டால் பரவாயில்லை. எழும்பிப் போய்க் கை வைக்கவேணும். வைக்காட்டில் அண்டைக்கு முழுக்க மனசுக்கு ஒரு அந்தரம். இப்ப வயது போட்டுது, கையும் நடுங்குது. காது மட்டும் அப்பிடியே கிடக்கு.

எழுபதுகளின்ரை துவக்கத்திலை கோப்பாயிலை தெருக்கரையோடை தகரக் கொட்டில் ஒண்டு போட்டுக் கார் திருத்துற கராச் வைச்சிருந்தனான். அரசாங்கம் மறிச்சதாலை புதுக் கார் வெளிநாட்டிலையிருந்து வாறது நிண்டுபோச்சு. சாமானும் வராது. ஐம்பதுகளிலை வந்த பழைய இங்கிலீசுக் கார்தான் எங்கடை பக்கத்திலை ஹயருக்கு ஓடினது. எல்லா டிரைவருக்கும் ஒரே ஆசை, தன்ரை கார் மற்றவன்ரை காரை முந்தவேணும். பருத்தித்துறையிலை பஸ் வெளிக்கிட்டாப் பிறகு வெளிக்கிட்டு, பஸ்ஸுக்கு முந்தி யாழ்ப்பாணத்திலை நிக்கவேணும். என்னட்டை வருவாங்கள். நான் எஞ்சினுக்கு மேலை மூடி மாதிரிக் கிடக்கிற ஹெட்டைக் கழட்டி, தடிச்ச கண்ணாடியிலை எமெரித் தாளைப் பரப்பி, அதிலை வைச்சு நாள் முழுக்கத் தேய்ப்பன். ஹெட் தேய்ஞ்சால் உள்ளுக்கு இடம் குறையும், காத்தும் பெற்றோலும் இறுகும், அடி பலமாய் விழும். அவ்வளவுதான் வித்தை. கார் வெளிக்கிடேக்கை முதுகு சீற்றோடை ஒட்டும். அதிலை இரண்டு கார் ஆறு மாதத்துக்குள்ளை வால்வு எரிஞ்சு திரும்பி வந்ததும் உண்மைதான். "ஓடத் தெரியாமல் ஓடிப்போட்டு இஞ்சை வந்து நிக்கிறியோ?" எண்டு டிரைவரைப் பேசி அனுப்பினன். என்ரை கையிலை பிழை வரும் எண்டு நான் அப்ப நம்புற ஆள் இல்லை.

எனக்கு இரண்டு அண்ணைமார். பெரியண்ணைக்கு வாழைத் தோட்டம், சின்னண்ணைக்கு வெங்காயம். நான் கடைக்குட்டி. கல்யாணம் முடிக்கேல்லை, சாப்பாடு சின்னண்ணை வீட்டிலை. ஐயா செத்தாப் பிறகு அண்ணைமார் காணியை மூண்டாய்ப் பிரிச்சவை. தெருக்கரைத் துண்டு எனக்கு, தோட்டம் இரண்டும் அவைக்கு. காணியைப் பிரிக்கலாம், கிணத்தைப் பிரிக்கேலுமே? அதாலை நேரத்தைப் பிரிச்சவை. விடியத் துவங்கி மத்தியானம் மட்டும் ஒருத்தர், மத்தியானம் துவங்கிப் பொழுதுபடு மட்டும் மற்றவர், அடுத்த நாள் மாறி. ஆளுக்கொரு மண்ணெண்ணெய் மிசின். உன்ரை நேரத்துக்குள்ளை எவ்வளவு தண்ணி இறைக்கிறியோ, அது உன்ரை. நேரம் முடிஞ்சால் பாதிப் பாத்தி காய்ஞ்சு கிடந்தாலும் மிசினை நிப்பாட்டவேணும். குடிக்கிறதுக்கும் மூண்டு பேருக்கும் அதே கிணறுதான்.

வெளியிலையிருந்து வெங்காயமும் மிளகாயும் வாறது நிண்டபடியாலை தோட்டக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். கத்தரி நிண்ட இடம், பூசணி நிண்ட இடம் எல்லாம் கொத்தி வெங்காயம் நட்டாங்கள். நேரம் அதே நேரம், தண்ணிதான் காணாது.

ஒருநாள் காலமை பெரியண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். காத்துப் போச்சுதாம். ரியூப்பைத் தண்ணிக்குள்ளை அமத்திப் பாத்தால் ஒரு ஓட்டையும் இல்லை. நான் நிமிந்து முகத்தைப் பாத்தன். அவர் தெருவைப் பாத்தார்.

"டேய் தம்பி, உந்தக் காருகளுக்குச் செய்யிறியாமே, அதை என்ரை மிசினுக்குச் செய்யேலாதோ?"

"ஏலும்."

"சின்னவனுக்குத் தெரியப்படாது."

பெரியண்ணை என்னட்டை ஒண்டு கேட்டது வாழ்க்கையிலை அதுதான் முதல் தரம். காணி பிரிக்கேக்கை கூட என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. எனக்குத் தலைகால் தெரியேல்லை. அண்டைக்கே ஹெட்டைக் கழட்டித் தேய்ச்சன். மிசின் கட்டுமட்டாய் ஓடுறதுக்கு கவர்னர் எண்டு ஒண்டு இருக்கு. அதின்ரை ஸ்பிரிங்கை இறுக்கி விட்டன், வேகம் ஏறிச்சு. முந்தி முக்கால் குழாய் வந்த தண்ணி, இப்ப குழாய் நிறைஞ்சு வாய்க்காலுக்கு அங்காலை போய் விழுந்தது. பெரியண்ணை சிரிச்சார். என்ரை தோளிலை ஒருக்காத் தட்டினார்.

ஐஞ்சாறு நாள் போகேல்லை, சின்னண்ணை மிசினை மாட்டு வண்டிலிலை சாக்காலை மூடிக்கொண்டு வந்து இறங்கினார்.

"அண்ணை அரை நேரத்துக்குள்ளை முழுத் தோட்டத்துக்கும் பாய்ச்சிப் போடுறார். நான் போகேக்கை கிணத்திலை அடித் தண்ணிதான் கிடக்கு. என்ன செய்வியோ எனக்குத் தெரியாது, என்ரையும் அப்பிடி ஓடவேணும். அவருக்குச் சொல்லிப் போடாதை."

அப்ப நான் வாயைத் திறந்திருக்கவேணும். 'அண்ணை, அவரின்ரையை ஏத்தினது நான்தான்' எண்டு சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொல்லேல்லை. சின்னண்ணையின்ரை ஹெட்டை இன்னும் ஒரு நூல் கூடத் தேய்ச்சன். ஏன் கூட? ஏனெண்டால் எனக்கு அது ஒரு பந்தயம். கிணத்தடியிலை ஓடினது அவையின்ரை மிசின், ஆனால் இரண்டிலையும் ஓடினது என்ரை கை. விசரன்.

எங்கடை பக்கத்துக் கிணத்தின்ரை சங்கதி எல்லாருக்கும் தெரியும். மேலை நல்ல தண்ணி, கீழை உவர். கிழக்கை கொஞ்சத் தூரம் போனால் உப்பு வெளி. மெல்ல இறைச்சால் நல்ல தண்ணி ஊறி வரும். இழுத்து இறைச்சால் கீழை கிடக்கிறது ஏறும். எனக்கும் இது தெரியும், அண்ணைமாருக்கும் தெரியும். தெரிஞ்ச மூண்டு பேர் சேர்ந்துதான் இந்த வேலை பாத்தது.

அதோடை இன்னொரு கோதாரி. பெற்றோல் தாங்கிற இறுக்கத்தை மண்ணெண்ணெய் தாங்காது, நேரத்துக்கு முந்தி வெடிக்கும். இரண்டு கிழமைக்குள்ளை கராச்சிலை இருக்க எனக்குக் கேட்டுது, காலமை ஒரு மிசினிலையிருந்து, பின்னேரம் மற்றதிலையிருந்து. ஆரோ உள்ளுக்கு இருந்து சின்னச் சுத்தியலாலை தட்டுற சத்தம். முதல் நாள் 'சூடாகினால் சரிவரும்' எண்டன். இரண்டாம் நாள் 'எண்ணெய் மாத்தினால் சரிவரும்' எண்டன். எல்லாம் எனக்கு நானே சொன்னது. காருக்குக் கீழை படுத்திருப்பன், கை வேலை செய்யும், காது கிணத்தடியிலை கிடக்கும். ஒரு நட்டைப் பூட்டிப் போட்டு, பூட்டினனானோ எண்டு திரும்பிப் பாப்பன். இரண்டு பேரும் சந்திச்சுக் கதைச்சால் என்ரை வண்டவாளம் வெளியிலை வரும். அவை கிணத்துக்கட்டிலை ஒரு நிமிசம் கூட நிண்டு கதைச்சாலே நான் ஸ்பனரைப் போட்டிட்டு எழும்பிப் பாப்பன்.

ஒருநாள் பின்னேரம் மச்சாள், சின்னண்ணையின்ரை மனுசி, தேத்தண்ணி கொண்டு வந்து தந்தா. ஒரு வாய் குடிச்சன்.

"மச்சாள், சீனி எண்டு உப்பைப் போட்டிட்டியளோ?"

"எனக்கென்ன விசரே? தண்ணி அப்பிடி. மூண்டு நாளாய் லேசாய்க் கரிச்சது, இண்டைக்கு நல்ல உப்பு. உங்கடை அண்ணைக்குச் சொன்னன், உனக்குத்தான் வாய் கைக்குது போலை எண்டு எனக்குச் சொல்லுறார்."

நான் மிச்சத்தைக் குடிக்காமல் வெளியிலை போய்த் தோட்டத்தைப் பாத்தன். வெங்காயத் தாளின்ரை நுனியெல்லாம் பழுத்துக் கருகிக் கிடந்தது. வேலிக்கு அங்காலை பெரியண்ணையின்ரை வாழையிலை கரையோரம் முழுக்க நெருப்புக் காட்டின மாதிரி. அப்பவும் மத்தியான முறை மிசின் ஓடிக்கொண்டிருந்தது, தட்டித் தட்டி.

அந்தக் கிழமையிலையே சின்னண்ணையின்ரை மிசின் ஒரு சத்தம் போட்டு நிண்டுது. கழட்டினால் பிஸ்டன் தலையிலை விரல் போற ஓட்டை. மூண்டாம் நாள் பெரியண்ணையின்ரை. அதே இடம், அதே ஓட்டை. இரண்டையும் என்ரை மேசையிலை பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்துக்கொண்டு இருந்தன். டிரைவர்மாரைப் பேசி அனுப்பின வாய், அண்டைக்கு ஆரைப் பேசும்? பிஸ்டன் எங்கடை பக்கத்திலை இல்லை. கொழும்பிலை ஒரு கடைக்கு எழுதிப் போட்டன்.

பேந்து மிசின் இல்லாமல், காலாலை மிதிச்சு இறைக்கிற துலாதான். இரண்டு வீட்டுக்காரரும் மாறி மாறித் துலா மிதிச்சினம். மச்சாள் பட்டை எண்டுற இறைப்பு வாளியைத் தூக்கித் தூக்கித் தண்ணி ஊத்தினா, கையெல்லாம் கொப்புளம். அரைவாசி வெங்காயத்தைக் கைவிட்டாச்சு, மற்ற அரைவாசியைத்தான் காப்பாத்தப் பாத்தினம். நானும் போய் மிதிச்சன். ஆரும் கூப்பிடேல்லை, நான் சும்மா இருந்தால் விசர் பிடிக்கும் எண்டு போனன்.

நாலாம் கிழமை மச்சாள் கிணத்தடியிலை ஒரு கை அள்ளிக் குடிச்சுப் போட்டுச் சொன்னா, "இஞ்சை பாருங்கோ, உப்பு இல்லை." நான் ஓடிப்போய்க் குடிச்சன். முழுக்க இனிக்கேல்லை. ஆனால் தண்ணி தண்ணியாய் இருந்தது.

அடுத்த நாள் தபாலிலை பாசல் வந்துது. இரண்டு பிஸ்டன், எண்ணெய்க் கடதாசி சுத்தி. மேசை லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டினன்.

"வந்திட்டுதே?" எண்டு காலமை பெரியண்ணை.

"இன்னும் இல்லை."

"வந்திட்டுதே?" எண்டு பின்னேரம் சின்னண்ணை.

"இல்லையண்ணை."

பிஸ்டனை அப்பிடியே மிசினிலை பூட்டினால் பழையபடி உவர் ஏறும், வேகத்தைக் குறைச்சுப் பூட்டினால் ஏன் எண்டு கேப்பினம். பூட்டாட்டில் மிச்ச வெங்காயமும் போகும், மச்சாளின்ரை கையும் போகும். மூண்டு நாள் இதே வேலைதான். லாச்சியைத் திறப்பன், பாப்பன், பூட்டுவன். நாலாம் நாள் சின்னண்ணை துலாவிலை நிண்டபடி தலைசுத்திக் கீழை குந்தினதைக் கண்டன். போய் லாச்சியைத் திறந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு கிணத்தடிக்கு நடந்தன். பெரியண்ணையையும் கூப்பிட்டன்.

"இது வந்து நாலு நாள். நான்தான் ஒளிச்சனான். உங்கள் இரண்டு பேரின்ரை மிசினையும் ஏத்தினது நான். பிஸ்டன் உடைஞ்சதும் என்னாலை, கிணறு உவராய்ப் போனதும் என்னாலை. இனிப் பூட்டுறதெண்டால் ஹெட்டுக்குக் கீழை தடிச்ச பக்கிங் வைச்சு இறுக்கத்தைக் குறைச்சு, பழைய வேகத்துக்குத்தான் பூட்டுவன்."

இரண்டு பேரும் ஆளை ஆள் பாத்தினம்.

"நீயும் கேட்டனியோடா?" எண்டார் பெரியண்ணை.

"நீங்களும் கேட்டனீங்களோ?" எண்டார் சின்னண்ணை.

அடிபடப் போகினம் எண்டு நான் நடுவிலை நிண்டன். ஒருத்தரும் அடிபடேல்லை. பெரியண்ணை கிணத்துக்கட்டிலை இருந்தார். பேந்துதான் என்னைப் பாத்தார்.

"அவன் ஆசைப்பட்டான், நான் ஆசைப்பட்டன். சரி. உனக்கு இரண்டும் தெரியும். 'அண்ணை, இவனுக்கும் செய்தனான்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நாங்கள் அண்டைக்கே நிப்பாட்டியிருப்பம். நீ ஏனடா சொல்லேல்லை?"

என்னட்டைப் பதில் இருந்தது. 'நீங்கள் இரண்டு பேரும் என்னட்டை வந்து நிண்டது எனக்குப் பிடிச்சிருந்தது. சொன்னால் நீங்கள் வரமாட்டியள்.' அதைச் சொல்ல வெக்கமாய்க் கிடந்தது. கையிலை இருந்ததை நீட்டினன்.

அவை என்னை ஏசேல்லை. பிஸ்டன் இரண்டையும் என்ரை கையிலையிருந்து வாங்கினார் பெரியண்ணை. இரண்டு மிசினையும் பக்கத்து ஊர் நீர்வேலியிலை மிசின் திருத்துற ஒரு கிழவனிட்டைக் கொண்டு போய்ப் பூட்டுவிச்சினம். பேந்து தங்களுக்குள்ளை கதைச்சு ஒண்டை வித்துப் போட்டு, ஒரே மிசினை இரண்டு பேரும் மாறிப் பாவிச்சினம். அந்த மாரி மழையோடை கிணறு நல்லாய்த் தெளிஞ்சுது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலை இருந்த வேலியை வெட்டி வழியாய் ஒரு பொட்டும் வைச்சினம், மிசினைக் கொண்டு போய் வரச் சுகம் எண்டு.

நான் தொடர்ந்து அங்கைதான் சாப்பிட்டன். மச்சாள் ஒரு குறையும் வைக்கேல்லை. தோட்டக்காரர் இன்னும் எத்தினையோ பேர் மிசின் கொண்டு வந்தினம், ஒண்டையும் நான் தேய்க்கேல்லை. ஆனால் கராச்சிலை இருக்க அந்த மிசின் ஓடுறது கேக்கும். ஒழுங்கான வேகம், ஒரு தட்டல் இல்லை. கிழவன் வடிவாய்ச் செய்திருந்தான். பிழை ஒண்டும் இல்லாத சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு இருக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

ஒரு வருசம் கழிச்சு அதிலை வால்வு சத்தம் துவங்கிச்சு. முதல் நாளே எனக்குத் தெரியும், எந்த வால்வு எண்டும் தெரியும். ஐஞ்சு நிமிச வேலை. ஸ்பனரை எடுத்துத் துடைச்சு மேசையிலை வைச்சுக்கொண்டு இருந்தன். மூண்டாம் நாள் காலமை இரண்டு பேரும் மிசினை வண்டிலிலை ஏத்திக்கொண்டு தெருவாலை வந்தினம். நான் எழும்பிக் கராச் வாசலுக்கு வந்தன். பெரியண்ணை என்னைக் கண்டு சிரிச்சார். கோபம் ஒண்டும் இல்லாத சிரிப்பு.

"என்ன தம்பி, சாப்பிட்டியே?"

"ஓம் அண்ணை" எண்டன்.

வண்டில் நிக்கேல்லை. நீர்வேலிப் பக்கம் போச்சுது.