குளத்துக்குள் போன சேதி

காலை ஆறரை மணி. சாணார்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த குளத்தில் நான் முதலில் பார்த்தது, டிராக்டர் டியூப் ஒன்றின் மேல் மிதந்த எங்கள் வீட்டுத் தாம்பாளம். அதில் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிய ஒயரின் முனையில், பலூனுக்குள் வைத்துக் கட்டிய சிறு மைக்.

கல்லூரி இறுதியாண்டுக்காக அக்கா செய்தது. எதிர்க்கரையில் போனில் தட்டும் எழுத்துகள், அங்கே தண்ணீருக்குள் இறக்கிய சிறு ஸ்பீக்கரில் விசில் சத்தங்களாகித் தண்ணீர் வழியே வந்து, இந்தக் கரையில் இருக்கும் லேப்டாப்பில் மறுபடி எழுத்துகளாக வேண்டும். வீட்டுத் தொட்டியில் வந்துவிட்டது. அக்காவுக்கு மேற்படிப்புக்குக் கொச்சியில் இடம் கிடைத்திருந்தது. அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. "கொளத்துல வேலை செஞ்சா பாப்போம். இல்லேன்னா அந்தப் பேச்சையே விட்டுரு" என்று சொல்லிவிட்டு, தட்டும் வேலையைத் தானே வாங்கிக்கொண்டு எதிர்க்கரையில் போய் உட்கார்ந்தாள்.

முதல் முறை திரை முழுக்கக் கேள்விக்குறிகள்.

மைக்செட் வாடகைக்கு விடும் மாமா, கல்யாண வீட்டு ஆம்ப்ளிபயரைக் கொண்டுவந்திருந்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

"சவுண்டு பத்தல தாயி. கூட்டி விடுறேன்."

கூட்டினார். கேள்விக்குறிகளும் கூடின.

"மாமா, இது கல்யாண வீடில்ல. நெஞ்சளவு தண்ணி. சத்தம் தரையில முட்டி, மேல முட்டி, எதிரொலியா வருது. நீங்க அதையும் சேத்துல்ல கூட்டுறீங்க?" என்றாள் அக்கா.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தேன்."

நான் அதற்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தேன். குளம் முழுக்க விசில். வெளியே வந்து கத்தினேன்: "அக்கா, ஒண்ணு அடங்குறதுக்குள்ள அடுத்தது வந்துருது. எல்லாம் கொழகொழன்னு கேக்குது."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பில் ஏதோ மாற்றினாள். ஈரச் சுடிதாரோடு கரையைச் சுற்றி ஓடிப்போய் அம்மாவின் போனிலும் மாற்றினாள். ஒவ்வொரு விசிலுக்கும் நடுவே கூடுதல் இடைவெளி. ஓடியே திரும்பி வந்து, மாமாவின் ஆம்ப்ளிபயரை அணைக்கச் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

திரையில் 'க' வந்தது. செத்த நேரத்தில் அது 'கொ' ஆனது. "ஏலே, வருதுலே" என்று மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு 'ச்'. பிறகு 'சி'. ஒவ்வொன்றுக்கும் நான் தண்ணீருக்குள் குதித்தேன். கடைசியில் முழுதாக நின்றது: 'கொச்சிக்குப் போ'.

என் பெயர் வருமென்று நினைத்திருந்ததால் எனக்குச் சப்பென்று இருந்தது. அக்கா லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்து எதிர்க்கரைக்குக் காட்டினாள். அந்தத் தூரத்தில் அம்மாவால் எதையும் படித்திருக்க முடியாது. அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

வீட்டு அடுப்படியில் சொல்லியிருக்கக்கூடியதை, வந்து சேருமா என்றே தெரியாத ஒரு வழியில் அம்மா ஏன் அனுப்பினாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அன்று மதியம் அக்கா வெங்காயம் உரித்தாள். அம்மா குழம்பு வைத்தாள். கொச்சியைப் பற்றி இருவரும் பேசவில்லை.