மரகதம் வைத்த விரதம்

டெக்சாஸின் பிளானோவில் மலை கிடையாது, குன்றுகூடக் கிடையாது. டோல்வே என்கிற சுங்கச் சாலையின் பாலத்தின் மேல் கார் ஏறும்போது கொஞ்ச தூரம் கண்ணுக்குத் தெரியும், அந்த ஊரின் உயரம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்த கோபாலசாமி, ஐம்பத்து மூன்று வயதில் இமயமலையில் ஒரு சிகரத்தில் ஏறப் போகிறேன் என்று கிளம்பினால் கட்டிய மனைவி என்ன செய்வாள்? அதுவும் அந்த மனைவி மரகதமாக இருந்தால்?

மரகதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பயப்படுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தாராபுரத்திலிருந்து வந்த புதிதில், மாதத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம் புயல் சைரனைச் சும்மா ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. சைரன் ஊதியதும் கைக்குழந்தை கயலைத் தூக்கிக்கொண்டு குளியல் தொட்டிக்குள் படுத்து, மேலே மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த கோபாலசாமி வீடெல்லாம் தேடி மெத்தையைத் தூக்கிப் பார்த்தால், தாயும் பிள்ளையும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

டோல்வேயில் அவள் கார் ஓட்டியதே இல்லை. வேலை பார்க்கும் டேகேருக்கு இன்றைக்கும் சந்து பொந்தெல்லாம் சுற்றித்தான் போகிறாள். அங்கே இரண்டு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு அவளுடையது. திராட்சையை நான்காக நறுக்காமல் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க மாட்டாள். வெள்ளைக்காரத் தாய்மார்கள் மிஸ் மரகதத்தின் வகுப்புதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். பயப்படுகிறவள் கையில் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

பயத்துக்கு அவளிடம் இருந்த மருந்து ஒன்றே ஒன்று, முருகனுக்கு வைக்கும் நேர்த்தி. விசா ஸ்டாம்பிங்குக்கு ஒரு மொட்டை, அது கோபாலசாமியின் தலை. கிரீன் கார்டுக்குப் பால்குடம். கயல் லைசென்ஸ் வாங்கும்வரை செவ்வாய்க்கிழமைகளில் உப்பில்லாத சாப்பாடு. மற்ற பக்தர்களைக் கவனிக்க முருகனுக்கு நேரம் கிடைத்ததா என்பது சந்தேகம்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மறதியாகப் பிறந்தநாள் கேக் தின்றுவிட்டாள். அந்த வாரமே கயல் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அந்தக் கேக்கைச் சொல்லிச் சொல்லி மரகதம் எத்தனையோ நாள் அழுதாள். வீட்டில் யார் என்ன சமாதானம் சொல்லியும் எடுபடவில்லை.

கோபாலசாமி சாது. அதே ஊரில் லெகஸி என்கிற பகுதியில் ஒரு பெரிய கேம்பஸில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கூட வேலை பார்க்கும் ஒருவன் இமயமலையில் எடுத்த போட்டோவைக் காட்டினான். அன்றிலிருந்து மனிதர் மந்திரித்துவிட்டவர் போல ஆகிவிட்டார்.

"இத்தன வருஷத்துல நான் எதுக்காச்சும் ஆசப்பட்டிருக்கறனா மரகதம்?" என்றார் ஒருநாள். "இதுக்கு ஆசப்படறேன்."

அவர் சொன்னது நிஜம்.

இந்த மாதிரிச் சிகரம் ஏறப் பெரிய வீரனாக இருக்க வேண்டியதில்லை என்று மலையேற்றக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். கைடு கூடவே வருவார், அடிவாரத்தில் பழக்கிக் கொடுப்பார், பனிச்சுவரில் கயிறு கட்டித் தருவார், அதைப் பிடித்து ஏறினால் போதும். மரகதம் வீடியோவைப் பார்த்தாள். வெள்ளைச் சுவரில் ஒரு கயிறு, அதில் வரிசையாக மனிதர்கள். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

கோபாலசாமி ஆபீஸ் பார்க்கிங் கராஜின் படிக்கட்டில் பழகினார். முதுகுப் பையில் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையை வைத்துக்கொண்டு ஏறி இறங்கியவரை செக்யூரிட்டிக்காரன் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னான். அரிசியைப் பார்த்ததும் அவனுக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

டிக்கெட் போடும் நாள் நெருங்கியபோது மரகதம் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, நீங்க மலைல இருக்கறப்பத்தான் கந்த சஷ்டி வருது. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டுந்தான் சாப்பிடோணும். நானும் இங்க அப்படியே இருக்கறேன். இதுக்குச் சரின்னா போயிட்டு வாங்க."

தடை விலகிய சந்தோஷத்தில் கோபாலசாமி யோசிக்காமல் தலையாட்டினார். குளிருக்குக் கையுறை பார்த்தார்கள், பனிக்குக் கண்ணாடி பார்த்தார்கள், வயிற்றைப் பற்றி இருவருமே பேசவில்லை. பழனிக்கு விரதமிருந்து நடந்த ஊர்க்காரர்கள். மலையேறுகிறவன் வயிற்றைக் காயப்போட வேண்டும் என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த நடைமுறை. பழனி மலை இமயமலை இல்லை என்று எடுத்துச் சொல்லவும் ஆளில்லை.

சஷ்டி தொடங்கியது. மூன்றாம் நாள், போன் சிக்னல் கிடைக்கும் கடைசி ஊரிலிருந்து கோபாலசாமி வீடியோவில் வந்தார். முகம் கறுத்து உதடு வெடித்திருந்தது.

"விரதம்?" என்றாள் மரகதம்.

"பால் பவுடர் கரைச்சுத் தர்றாங்க. ஆப்பிள் கெடைக்குது. கைடுகிட்ட மட்டும் வயிறு செரியில்லன்னு சொல்லி வெச்சிருக்கறேன். இதெல்லாம் அவருக்கு எப்படி எக்ஸ்ப்ளைன் பண்றது?"

மரகதம் நிம்மதியாகப் போனை வைத்தாள். பாவம், அவள் உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் காலை டேகேரில், அழுத பிள்ளை ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கண் இருட்டியது. பிள்ளையை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டைரக்டர் ஓடிவந்து ஜூஸ் கொடுத்தார். அவள் வேண்டாமென்றாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஏசி ஓடுகிற அறை, வழவழவென்று தரை. இங்கேயே ஒரு குழந்தையைத் தூக்க முடியவில்லை. அவரோ மூச்சுக்கே காற்று போதாத இடத்தில், அதே பாலும் ஆப்பிளுமாக, இன்றைக்குச் சுவர் போன்ற பனியில் கயிற்றைப் பிடித்து ஏறப் போகிறார். ஆபத்து மலையில்தான் இருக்கிறது என்று இத்தனை நாளும் மலையைக் கண்டு பயந்திருந்தாள். பசியைக் கட்டி அனுப்பியது அவளே.

அவரிடம் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பி வாங்கும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. 'விரதம் போதும், சாப்பிடுங்க' என்று அனுப்பினாள். பதில் வர நேரமானது. 'நேர்த்தியப் பாதில விட வேண்டாம். ரெண்டு நாள்தான. பயப்படாத.'

பயப்படாதே என்று படித்ததும் பயம் இன்னும் ஏறியது.

பக்கத்துத் தெரு வசந்தாமணிக்குப் போன் செய்தாள். கோயிலில் சஷ்டி பூஜையை முன்னின்று நடத்துகிறவர்.

"சாமி காரியத்த நடுவுல கலைக்காத மரகதம்," என்றார் வசந்தாமணி. "கலைச்சு, அங்க அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

அந்தக் கேள்வியை மரகதமே தன்னிடம் நூறு முறை கேட்டுவிட்டாள். ஆஸ்டினில் படிக்கும் கயலை அழைத்தாள்.

"அம்மா, ஜஸ்ட் டெல் தி கைடு," என்றாள் கயல். "திஸ் இஸ் நாட் எ காட் இஷ்யூ."

"சொன்னா அப்பாவ மேல கூட்டிட்டுப் போக மாட்டாங்கடி. அவரு ஆசப்பட்டது இது ஒண்ணுதான்."

"ஐ நோ, அம்மா." கயலின் குரல் உடைந்தது. "ஸ்டில். ப்ளீஸ்."

அங்கே நடுராத்திரி தாண்டியதும் கிளம்புவார்கள் என்று சொல்லியிருந்தார். இங்கே அது பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் நேரம். விளக்கை அணைத்துப் பாய்களை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தாள் மரகதம். சொன்னால் அவர் ஆசையைக் கெடுத்தவள், விரதத்தைக் கலைத்தவள். சொல்லாவிட்டால் அவர் என்ன ஆவாரென்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு பையன் தூக்கத்தில் மூச்சை ஒரு நொடி நிறுத்தி, பிறகு இழுத்து விட்டான். அவ்வளவு போதுமாயிருந்தது. பிள்ளைகளைக் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காத்மாண்டுவில் உள்ள கம்பெனியின் அவசர எண்ணை அழைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எடுத்த பெண் குறுக்கே பேசாமல் கேட்டு, உடனே முகாமுக்குச் சொல்கிறேன் என்றாள்.

திரும்ப மணி அடிப்பதற்குள் மரகதம் அந்தச் சமையலறையை எத்தனை முறை சுற்றினாளோ. சாட்டிலைட் போனில் அழைத்தது நுர்பு, கோபாலசாமியின் கைடு. நிதானமான இங்கிலீஷ், அக்கா என்பதற்கு மட்டும் அவர்கள் பாஷையில் தீதி.

"தீதி, வயிறு சரியில்லை என்றார். உயரத்துக்கு வந்தால் எல்லோருக்குமே பசி போய்விடும், அதனால் நானும் நம்பிவிட்டேன்." காற்று இரைந்தது. "இப்போது பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிர முடியாமல் உட்கார்ந்துவிட்டார். இவரை நான் மேலே கூட்டிப்போக மாட்டேன். ஆனால் சூப் கொடுத்தால் குடிக்க மாட்டேன் என்கிறார். இப்படியே விடிந்தால் இறங்கி நடக்கவும் தெம்பிருக்காது. நீங்களே சொல்லுங்கள்."

போன் கைமாறியது. கோபாலசாமியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏன் மரகதம் சொன்ன?"

"சாப்பிடுங்க."

"கூட வந்த ரெண்டு பேரும் இன்னொரு கைடோட கெளம்பிட்டாங்க. தலைல கட்டுன லைட்டு மேல போறது தெரியுது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நானும் ஏறியிருப்பேன்."

"ஏறியிருப்பீங்க. எறங்கி வர்றதுக்குத்தான் எனக்குப் பயம்."

வெறும் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கறேன். சாப்பிடறது ஒண்ணும் கஷ்டமில்ல கண்ணு. இன்னிக்கு முறிச்சா, நாளைக்கு நம்ம புள்ள தும்முனாலும் இதனாலதான்னு சொல்லி நீ ஆயுசுக்கும் தூங்க மாட்ட. உன்ன எனக்குத் தெரியாதா? அதுக்கு ரெண்டு நாள் பட்டினி தேவல."

மரகதத்துக்கு இப்போதுதான் விளங்கியது. மனிதர் சாமிக்குப் பயந்து பட்டினி கிடக்கவில்லை. அவளுடைய பயத்துக்குக் காவலாகப் பனியில் பட்டினி கிடக்கிறார். சாப்பிடுங்கள் என்று இனி ஆயிரம் தடவை சொன்னாலும் அவர் கேட்கப் போவதில்லை. சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார், ஏனென்றால் அவளுக்கே தன்மேல் நம்பிக்கை இல்லை.

சமையல் மேடையில் பிள்ளைகள் மிச்சம் வைத்த சீஸ் பிஸ்கட் ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே மீன் வடிவத்தில் செய்கிற பிஸ்கட். சஷ்டி நாளில், தின்பதற்கு வேறு எதுவுமே கண்ணில் படக் கூடாதா? முருகா, என்னைத் தண்டிப்பதாக இருந்தால் என்னை மட்டும் தண்டி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். போனை வாயருகில் வைத்து நறநறவென்று மென்றாள்.

"என்ன சத்தம் அது?" என்றார் கோபாலசாமி.

"சாப்பிடறேன். கேக்குதுங்களா?" எச்சில் ஊறாத வாயில் பிஸ்கட் மாவாக ஒட்டிக்கொண்டது. "நேர்த்தி வெச்சது நானு. நானே முறிச்சுட்டேன். இனி நீங்க காப்பாத்தறதுக்கு ஒண்ணுமில்ல. அந்த சூப்பக் குடிங்க."

"மரகதம்..."

"குடிங்க. எனக்குத் தூக்கம் வல்லைன்னா நீங்க வந்து பக்கத்துல உக்காந்துக்கங்க."

சொல்லிவிட்டாளே தவிர, தண்டனை எந்தப் பக்கமிருந்து வருமோ என்று காத்திருந்தாள். அடுத்த அறையில் ஒரு பிள்ளை இருமியதும் தூக்கிவாரிப் போட்டது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளை புரண்டு படுத்துக்கொண்டது. வாசல் பக்கம் ஏதோ விழுந்தது போலிருந்தது, அதையும் காது கொடுத்துக் கேட்டாள். போனில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. இன்னொரு கை பிஸ்கட்டை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பிறகு, மெல்ல, உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது. சூடான எதையோ ஒருவர் ஊதி ஊதிக் குடிக்கும் சத்தம்.

"குடிக்கிறார், தீதி," என்றார் நுர்பு தூரத்திலிருந்து. "பூண்டு சூப்."

மரகதத்துக்கு வாய் நிறையப் பிஸ்கட் இருந்தது. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. மெல்லுகிற சத்தம் நின்றால் அங்கே அவரும் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, கிண்ணம் காலியாகும்வரை நிறுத்தாமல் தின்றாள்.