வேப்பெண்ணெய் தடவிய கட்டைவிரல்

1966 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். தூறல்தான்; மழை என்று சொல்ல முடியாது. சேத்தூரில் என் மாமாவின் தொழுவத்தில் ஒரு கிடேரிக் கன்றைப் போட்டுவிட்டு, அதை ஒருமுறைகூட நக்காமல் பசு செத்துப் போனது.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா இறந்து எட்டாவது மாதம். அப்பா பட்டாளத்தில் இருந்தார். அதனால் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே வேறு பிள்ளைகள் கிடையாது. அத்தை சோற்றைப் பிசைந்து ஊட்டினால் ஏழு வாய் வாங்குவேன். தட்டில் போட்டுக் கொடுத்தால் தொட மாட்டேன்.

மாமா ராஜபாளையத்து மருந்துக்கடையில் ரப்பர் காம்பு வாங்கி வந்து ஒரு பாட்டிலில் மாட்டினார். பாட்டில் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. பால் தீர்ந்த பிறகும் கன்று விடாது. கட்டைவிரலை நீட்டினால் நாக்கைச் சுருட்டிச் சப்பும். சொரசொரப்பும் சூடுமாக இருக்கும். அன்றைய தேதியில் என்னைத் தேடிய உயிர் அது ஒன்றுதான். பெரிய மாடுகள் முட்டிவிடும் என்று பயந்து, அதை மட்டும் மூலையில் தனியாகக் கட்டச் சொல்லி அழுது சாதித்திருந்தேன். முட்டினால் என்ன ஆகும் என்பதை இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போதும் அப்படித்தான், விஷயம் மட்டும் வேறு.

மாசி பிறந்தும் கன்று புல்லைத் தொடவில்லை. தவிட்டைக் காட்டினால் தும்மியது. ஊறவைத்த பருத்தி விதையை வாயில் திணித்தால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளியது. விலைக்கு வாங்கிய பால் முழுதும் அதற்கே போயிற்று. சிவராத்திரிக்குள் மேயாவிட்டால் அடிமாட்டுத் தரகரை வரச் சொல்லிவிடப் போவதாக மாமா சொன்னார். அவர் சொன்னால் செய்துவிடுவார்.

அத்தைக்குத்தான் அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குத் தாய்ப்பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுவார்கள். "ஒரே நாள்ல மறந்துரும்லே. இதுவும் பிள்ளதான?" என்று கிண்ணத்தைக் கொடுத்தாள். நான் கட்டைவிரலால் எடுத்து, காம்பைச் சுற்றி நன்றாகத் தடவினேன்.

கன்று முகத்தைச் சுளித்தது. இரண்டு உறிஞ்சலில் பால் வந்து கசப்பைக் கழுவிவிட, பாட்டிலைக் காலி செய்தது. வழக்கம்போல் விரலை நீட்டினேன். விரலில் பால் ஏது? ஒரு சப்புச் சப்பித் துப்பிவிட்டுப் பின்வாங்கியது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மூன்று நாள் கழித்து நீட்டியபோதும் மோந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. பாட்டிலை மறக்கவில்லை. என்னை மறந்துவிட்டது.

சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு, மாமா என்னைக் கேட்காமலே கன்றை அவிழ்த்து, எதிர்வீட்டுக்காரரின் ஐந்து கன்றுகளோடு அறுத்த வயலுக்கு ஓட்டிவிட்டார். முட்டிக் கொன்றுவிடும் என்று கத்தினேன். பொழுது சாய அது திரும்பி வந்தது. வாயோரம் பச்சை நுரை. என் பக்கம் பார்க்கவே இல்லை.

அன்று சாப்பிடும்போது மாமா சொன்னார்: "ஒத்தையில கட்டிப் போட்டா பாலத்தான் கேக்கும். நாலு வாய் மேயுற எடத்துல விடணும். தானா மேயும்."

ஐந்தாவது வாய்க்கு நான் வாயைத் திறந்து வைத்திருந்தேன். அத்தையின் கை உருண்டையோடு அப்படியே நின்றது. கன்று பிழைத்த சந்தோஷத்தில் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த ஜூனில் அவள் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட விடுதிக்குக் கூட்டிப்போனாள். காரணத்தை நான் கேட்கவில்லை, எனக்கே தெரிந்திருந்தது. கன்றுக்குப் பாட்டில் பிடிக்கத்தான் ஓர் ஆள் வேண்டியிருந்தது. இப்போது வேண்டாம்.

"போயிட்டு வாரேன்லே" என்றாள். ஆனால் போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் சன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே தரையில் இரண்டு வரிசை. எண்ணினேன், நாற்பத்தாறு பேர். தட்டில் விழுந்த சோற்றை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்தவன் என் அப்பளத்தை எடுத்துக்கொண்டான்.

"திங்க மாட்டியால? அப்ப சோத்தையும் தள்ளு."

தட்டை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு அள்ளித் தின்றேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். அத்தை இன்னும் நின்றாள், முந்தானையை வாயில் வைத்தபடி. தட்டைக் காலி செய்துவிட்டுப் பார்த்தபோது சன்னல் வெறுமையாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலும் என்று நினைத்தேன். என்னை விட்டுப் போக எவ்வளவு அவசரம் என்றும் நினைத்தேன். பல வருஷம் அப்படியே நினைத்திருந்தேன்.

அத்தை போகும்போது ஒன்றரை டிக்கெட் எடுத்தாள், திரும்பும்போது ஒன்று. கன்றைப் பால் மறக்கடித்த வகையில் எனக்கு ஆன செலவு, சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு அரை டிக்கெட்: இருபது பைசா.