அவள் பார்த்த ஆமை

என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. பெரியபாளையம் கோயிலுக்குப் போகும்போது ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றாலே என் தோளைப் பிடித்துக்கொள்வாள். நானோ ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பம்புசெட் கிணறுகளில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவன். மலேசியாவில் வெல்டராக இருக்கும் அவள் தம்பி எங்களை அங்கே வரச்சொல்லி, போனில் "தீவுக்குப் போறோம் மாமா. சிலிண்டர் மாட்டிக்கினு கடலுக்கு அடியில மீன் பாக்கலாம்" என்றதும், நான் இறங்குவேன், அவள் படகில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் இரும்பு ஆலையிலும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த நாட்டுத் தமிழர். "கீழ போகப் போக காது அடைக்கும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெல்லமா ஊதணும். வலிச்சா எனக்குக் கைகாட்டணும், அவ்வளவுதான்" என்றார். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் மூவரும் பழகினோம். என் மனைவி முதலில் இருமினாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் மண்டியிட்டு, அப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது.

படகில் போய் இறங்கினோம். ஆள் உயரம் தாண்டுவதற்குள் என் இடது காதில் ஊசி குத்துவதுபோல் வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன். திறக்கவில்லை. கொஞ்சம் மேலே ஏறி மறுபடி இறங்கினேன். அதே வலி. அவர் தலையை ஆட்டி, என்னை மேலே கூட்டிவந்து படகில் ஏற்றிவிட்டார். "வேணாம் அண்ணே, காது கிழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மூழ்கினார்.

படகோட்டி ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டு, அவர்களுடைய காற்றுக் குமிழிகள் மேலே வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பயந்துபோய் இப்போது வந்துவிடுவாள், இப்போது வந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். குமிழிகள் நிதானமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தன.

வந்தபோது அவள் முகத்தில் கண்ணாடியின் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது. மூக்கு ஒழுகியது. அதைத் துடைக்கக்கூட மறந்து கத்தினாள்.

"ஏங்க, ஆமைங்க! இம்மாம் பெர்சு! நான் பக்கத்துல இருக்கறதையே கண்டுக்காம புல்லு துன்னுகினு இருந்துச்சு. அப்புறம் தலையத் தூக்கி என்னையே பாத்துச்சு!"

"டிவில காட்றாங்களே, அதானே" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாளும் அவள் போவதாகச் சொன்னாள். மழை வரட்டும் என்று காலையில் வானத்தைப் பார்த்தேன். வெயில் கொளுத்தியது. எனக்கு வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழாயும் கண்ணாடியும் கொடுத்து, மேலேயே மிதக்கச் சொன்னார்கள். குப்புற மிதந்தபடி கீழே பார்த்தேன். பவளப்பாறைமேல் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு மிதந்துகொண்டிருந்தாள். மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, அவளைச் சுற்றிப் பிரிந்து, மறுபடி சேர்ந்து போயின. அவள் விட்ட காற்று குமிழி குமிழியாக ஏறி வந்து என் நெஞ்சில் மோதியது. எவ்வளவு அழகாக இருந்தாள்! அதைப் பார்த்தும் எனக்கு வயிறுதான் எரிந்தது.

ஊருக்கு வந்த பிறகு இன்னும் மோசம். தம்பி எடுத்த வீடியோவை எங்கள் புதுவாயல் கடைத்தெருவிலேயே பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். அதில் நான் ஓரிடத்தில்தான் வருகிறேன். மேலே தெரியும் இரண்டு கால்கள் என்னுடையவை. ஆலையில் ஒருவர் கேட்டார்: "இன்னாபா, உன் சம்சாரம் கடலுக்குள்ள போச்சாமே, நீ மேலயே நின்னுக்கினியா?"

வீடியோவைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "மீனு, ஆமையெல்லாம் வுடுக்கா. சத்தமே இல்ல. நம்ம மூச்சு சத்தம் மட்டும்தான். அந்த மாதிரி நிம்மதியா நான் எங்கயுமே இருந்ததில்ல."

நாளெல்லாம் ஆலையில் இரும்பை நசுக்கி நீட்டும் உருளைகளின் இரைச்சலில் நிற்பவன் நான். என் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு, நான் இல்லாத இடத்தில் அப்படி ஒரு நிம்மதி கிடைத்திருக்கிறது. அன்றைக்கு அவள் போட்ட தோசையை நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

போன வாரம் திருவள்ளூரில் காது மூக்கு டாக்டரைப் பார்த்தேன். மூக்கெலும்பு வளைந்திருக்கிறதாம், காது திறக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். ஆபரேஷன் செய்யலாம், அவசரமில்லை என்றார். எனக்கு அவசரம் என்றேன்.

வீட்டில் சொன்னதும் அவள் திகைத்தாள். "ஜலதோஷம் புடிச்சா மாத்திரையே போட மாட்டீங்க. இப்ப இன்னாத்துக்கு? வலிக்குமே?"

"வலிச்சா வலிக்கட்டும்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.