மரைக்காயர் கோட்டு

எங்க வீட்டுக்காரர் பேரை நான் வாயால சொன்னதே கிடையாது. மத்தவங்க சொன்னதைத்தான் சொல்லுவேன், அது கணக்குல வராது. ஆனா அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே ஆசை என்ன தெரியுமா? யாராவது மேடையில ஏறி, நாலு பேர் கேக்க, முன்னால 'ஸ்ரீமான்' போட்டுத் தன் பேரைச் சொல்லணும். கள்ளு கிடையாது, சூதாட்டம் கிடையாது, இந்த ஒரு கிறுக்குத்தான். எங்க மானத்தை வாங்க அதுவே போதுமானதா இருந்துச்சு.

நாங்க பினாங்கு வண்ணாந்துறை ஆளுங்க. ஆயர் ஈத்தாம் ஆத்துத் தண்ணி எங்க கல்லுக மேலதான் ஓடும். பேங்குத் துரை காற்சட்டை, செட்டியார் வேட்டி, சூலியாத் தெரு ராவுத்தர்மார் சட்டை எல்லாம் எங்க கையால வெளுத்தாத்தான் வெளியே நடமாடும். இவர் கஞ்சி போட்டு இஸ்திரி தேச்ச வேட்டிக்குச் சண்டையே நடக்கும். உடம்பு ஒல்லி, குரலும் ஒல்லி, ஆனா கல்லுல துணியை ஓங்கி அடிக்கும்போது பாக்கணும், யாரோ எதிரி மாட்டிக்கிட்டான்னு நினைப்பீங்க.

எங்க தொழில்ல ஒரு கள்ளத்தனம் உண்டு. மறைச்சு என்ன ஆகப் போவுது, ஊருக்கே தெரியும். யார் வீட்லயாவது கல்யாணம்னா, வெளுக்க வந்த பட்டுத் துணியை ஒரு நாளைக்கு இரவல் குடுப்போம். அப்புறம் அலசித் தேச்சு, சொந்தக்காரர் வீட்ல கொண்டு போய்க் குடுத்துடுவோம். என் கல்யாணத்துல நான் கட்டியிருந்த சீலையே எந்த மகராசியோடதோ! ஆனா ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு. துணிக்குச் சொந்தக்காரங்க கண்ணு படுற இடத்துக்கு அந்தத் துணி போகவே கூடாது.

எங்க மக பூங்காவனம் படிச்ச தமிழ்ப் பள்ளிக்கூடம் அத்தாப்பு ஓலை வேஞ்ச கொட்டகை. மழை வந்தா வாத்தியார் சிலேட்டை எல்லாம் அடுக்கி வச்சுட்டுப் பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிருவாரு. பினாங்குல மழை வராத நாள் எது? தகரக் கூரை போடணும்னு பள்ளிக்கூடக் கமிட்டிச் செயலாளர் சோமசுந்தரம் கிராணி அலைஞ்சாரு. துறைமுகத்து ஆபீசுல கணக்கெழுதுற வேலை அவருக்கு. நல்ல மனுஷன், பேச ஆரம்பிச்சா நிறுத்தத்தான் தெரியாது. ஒவ்வொரு கூட்டத்துலயும் உதவி பண்ணினவங்க பேரை 'ஸ்ரீமான்', 'ஸ்ரீமதி'ன்னு போட்டு ராகமா வாசிப்பாரு. அவங்க எழுந்து கும்பிடுவாங்க, கை தட்டுவாங்க. எங்க வீட்டுக்காரர் கடைசிப் பெஞ்சில உக்காந்து அதைக் கேட்டுட்டு வந்து என்கிட்ட ஆரம்பிப்பாரு.

"நம்ம பேருக்கு முன்னால ஸ்ரீமான் போட்டா எப்படி இருக்கும் காமாட்சி?"

"கஞ்சி போட்ட கோவணம் மாதிரி விறைப்பா இருக்கும். பேசாமச் சாப்பிடுங்க."

சிரிப்பாரு. ஆனா அந்த ஆசை மட்டும் போகவே இல்ல.

கூரைக்காக ஒரு நாடகம் போடுறதுன்னு கமிட்டியில முடிவாச்சு. டிக்கெட் வித்து வர்றதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு. கிராணி எங்க வாசலுக்கே வந்துட்டாரு.

"யப்பா தங்கராஜு, ராஜா வேஷத்துக்கு எல்லாம் கிடைச்சிருச்சு. பணக்கார வியாபாரி வேஷத்துக்குத்தான் ஒரு கோட்டு வேணும். சரிகை கிரிகை வச்சு, பாத்தாலே பணக்காரன்னு தெரியணும். நீ ஏற்பாடு பண்ணிக் குடுத்தா உன் பேரையும் வாசிச்சிடுறேன்லா."

"ஸ்ரீமான் போட்டா?" இவர் கேட்ட கேள்வி அதுதான்.

"போடாம?"

நான் திரும்பி ஆணியில தொங்கினதைப் பாத்தேன். ஏன்னா எங்க வீட்ல அப்ப ஒரே ஒரு சரிகைக் கோட்டுத்தான் இருந்துச்சு. அது ஹபீபா பீவி வீட்டுக் கோட்டு.

பீவிம்மா சூலியாத் தெருவுக்குப் பின்னால, பெரிய வீட்ல இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் சீனி முகம்மது மரைக்காயர் ஜவுளி வியாபாரம் பண்ணினவரு. திடீர்னு போய்ச் சேந்துட்டாரு, பிள்ளைகுட்டி கிடையாது. அவர் விசேஷத்துக்குப் போட்டுக்கிட்ட கறுப்பு வெல்வெட்டுக் கோட்டு அது. கழுத்துலயும் கையிலயும் சரிகை. பினாங்கு ஈரத்துக்கு வெல்வெட்டுல பூஞ்சணம் பிடிச்சிரும் இல்லையா, அதனால வருஷா வருஷம் அவர் நினைவு நாள்ல பாத்திஹா ஓதுறதுக்கு முன்னால என் கையில குடுப்பாங்க. வீட்டுக்குள்ள போய் வர்றது நான்தான். குடுக்கும்போதே சொல்லுவாங்க: "தண்ணி காட்டாதே புள்ளே. நிழல்ல காத்தாட விட்டு, தட்டி, ஓரத்துக்கு மட்டும் லேசா இஸ்திரி போட்டுக் கொண்டா. குறியும் போடாதே."

குறின்னா, எந்த வீட்டுத் துணின்னு தெரிய நாங்க ஓரத்துல வைக்கிற சேங்கொட்டைச் சாறு அடையாளம். அது கூட வேணாம்னாங்க. ஏன்னு நான் கேக்கல. கேக்கவும் வேணாம், கோட்டைக் கையில வாங்கினாலே அத்தரும் சுருட்டும் கலந்து ஒரு ஆம்பளை வாசனை அடிக்கும். உள்ளே ஒரு ஆள் இருக்கிற மாதிரியே இருக்கும்.

"ஐயோ, அது செத்தவர் துணி," கிராணி போனதும் நான் கத்தினேன். "பீவிம்மாவும் நாடகத்துக்கு வர்றாங்க. கூரைத் தகரத்துல பாதி அவங்கதான் தர்றாங்கன்னு கிராணியே சொன்னாரு, காதுல விழலையா?"

"பெண்டுக பக்கம் படுதா கட்டிருவாங்க காமாட்சி. அங்கேருந்து பாத்தா கோட்டு எது, கோணி எது? குறி கூட இல்ல. மேடையில கௌரவமா நிக்கப் போற கோட்டுத்தானே, என்ன கெட்டுப் போச்சு?"

"நாசமாப் போங்க!"ன்னு சொல்லிட்டு நான் வெளுத்த மூட்டையைத் தூக்கிக்கிட்டு நார்த்தாம் ரோட்டு பங்களாவுக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா ஆணியில கோட்டு இல்ல.

பெண்டு பிள்ளைங்க வரணும்னு நாடகத்தை ஞாயித்துக்கிழமை சாயங்காலமே ஆரம்பிச்சாங்க. பீவிம்மாவுக்கு முன் வரிசையில நாற்காலி. நானும் பூங்காவனமும் அவங்களுக்குப் பின்னால பாயில. படுதாவாம் படுதா! மெல்லிசுத் துணி, மேடை பளிச்சுன்னு தெரிஞ்சுது. ராஜா வந்தாரு, பாட்டுப் பாடினாரு. பீவிம்மா சிரிச்சுச் சிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் வியாபாரி வந்தான். கௌரவமாவது, மண்ணாவது! அது கோமாளி வேஷம். கருமிப்பயல் வேஷம். கிராணி அதைச் சொல்லவே இல்ல, இவரும் கேக்கல, ஸ்ரீமான்லயே புத்தி இருந்தா எங்கே கேக்கிறது? அந்த ஆள் மரைக்காயர் கோட்டைப் போட்டுக்கிட்டு வயித்தைத் தள்ளிக்கிட்டு நடக்குறான். பொண்டாட்டி வேஷக்காரன் அவன் தலையில மாவைக் கொட்டுறான். அப்புறம் வெளக்கமாத்தை எடுத்து முதுகுல சாத்து சாத்துன்னு சாத்துறான். கொட்டகையே குலுங்கிச் சிரிக்குது. அடிக்க அடிக்க இன்னும் அடின்னு கத்துறாங்க.

பீவிம்மா முன்னால குனிஞ்சாங்க. முக்காட்டை ஒதுக்கினாங்க. சரிகையைத்தான் பாக்குறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவங்க முகம் எனக்குத் தெரியல, முந்தானையைச் சுருட்டி வாயில வைக்கிற கைதான் தெரிஞ்சுது. நாடகம் முடியறதுக்கு முன்னாலயே தலைவலின்னு எழுந்துட்டாங்க. என்னைத் தாண்டும்போது பூங்காவனம் தலையில கையை வச்சு, "நல்லாப் படிக்கணும் ராஜாத்தி"ன்னாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பூமி பிளந்து என்னை முழுங்கிடாதான்னு இருந்துச்சு.

இவர் ஆம்பளைங்க பக்கம் கடைசியில நின்னுருக்காரு. வீட்டுக்கு வந்ததும் சுவத்தைப் பாத்து உக்காந்துட்டாரு.

"அவங்க பாத்துட்டாங்களா?"

"கண்ணு இருக்குல்ல அவங்களுக்கு."

கோட்டுத் திரும்பி வந்துச்சு. கழுத்துல அரிதாரம், தோள்ல மாவு, உள்ளே எவனோ ஒருத்தன் வேர்வை. "தண்ணி மட்டும் காட்டாதீங்க, உலர்ந்த துணியால தொடைச்சே எடுத்துருவோம், நான் வந்து பாத்துக்கிறேன்"னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் மறுநாள் மூட்டை குடுக்கப் போனேன். வந்து பாக்குறேன், கோட்டுக் கொடியில தொங்குது. சொட்டுச் சொட்டா தண்ணி வடியுது. சவுக்காரம் போட்டு அலசி எடுத்திருக்காரு மனுஷன்.

"கண்டவன் வேர்வையோட அதை எப்படி அந்தம்மா கையில குடுக்கிறது காமாட்சி? எனக்கு மனசு வரல," அப்படின்னாரு. அவர் கண்ணு சிவந்திருந்துச்சு. நான் கொடிக்கிட்ட போய் மூக்கை வச்சுப் பாத்தேன். சவுக்காரம். கழுத்துல, கக்கத்துல, பைக்குள்ள, எங்கே பாத்தாலும் சவுக்காரம்தான்.  அப்படியே துவைக்கிற கல்லு மேல உக்காந்துட்டேன்.

ரெண்டு பேருமா கொண்டு போனோம். இவர் வெளியே அஞ்சடியில, தெருவோரத்து நடையில, நின்னுட்டாரு. நான் உள்ளே போய்க் குடுத்தேன். பீவிம்மா கோட்டை மடியில விரிச்சு, குனிஞ்சு, கழுத்துப் பட்டையில முகத்தைப் பதிச்சாங்க. ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. இன்னும் தேடுறாங்க, தேடுறாங்க. 

அப்புறம் நிமிந்து, "நல்லா வெளுத்திருக்காரு ஒம் மாப்ளை"ன்னாங்க.

நான் கால்ல விழுந்துட்டேன். "பீவிம்மா, எங்களை மன்னிச்சிருங்க. தெரியாம... இல்ல, தெரிஞ்சேதான் பண்ணிட்டோம்."

"எழும்பு புள்ளே. அவுக மௌத்தானதுலேருந்து இதைத் தலைமாட்டுல வச்சுத்தான் நான் தூங்குறது. இனிமே இது வெறும் கோட்டு, எனக்கு எதுக்கு? பள்ளிக்கூடத்துக்கே குடுத்துருங்க, அடுத்த நாடகத்துக்கு ஆகும்." கோட்டை மடிச்சு என் கையில குடுத்துட்டுச் சொன்னாங்க: "ஆனா எம் பேரு வெளியே வரக்கூடாது. வெளக்கமாத்தடி வாங்கினது அவுக கோட்டுன்னு ஊருக்குத் தெரிய வேணாம். நீங்க குடுத்ததாவே இருக்கட்டும். எனக்கு அந்த ஒரு சத்தியம் பண்ணிக் குடு."

பண்ணிக் குடுத்தேன். கிளம்பும்போது, "அழுக்கு மூட்டை அங்கேதான் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ"ன்னாங்க. எப்பவும் போல, அதே மூலையில கட்டி வச்சிருந்தாங்க. அதைத் தூக்கின நேரத்துல எனக்கு வந்த அவமானம் இருக்கே, அந்தப் பாவி மனுஷனால என் ஜென்மத்துல அப்படி நான் குன்னிப் போனதில்ல. இனிமே வராதேன்னு விரட்டியிருந்தா நிம்மதியா அழுதிருப்பேன்.

வெளியே வந்து அவங்க சொன்னதை வார்த்தை மாறாமச் சொன்னேன். இவர் கோட்டை மடியில வச்சுக்கிட்டு அஞ்சடியிலயே உக்காந்துட்டாரு. போறவங்க வர்றவங்க எல்லாரும் விலகி விலகிப் போனாங்க.

கூரை போட்டாச்சு. புதுத் தகரம் வெயில்ல மின்னுது. திறப்பு விழாவுல கிராணி எழுந்து வாசிச்சாரு, ராகம் போட்டு வாசிச்சாரு: "நாடகத்துக்கு உதவியதோடு, விலையுயர்ந்த வெல்வெட் கோட்டையும் பள்ளிக்கே நன்கொடையாக வழங்கிய ஸ்ரீமான் தங்கராஜு அவர்கள்!"

அப்படி ஒரு கைதட்டல். இவர் எழுந்திரிக்கல. பெண்டுக பக்கம் படுதாவையே பாத்துக்கிட்டு இருக்காரு. அங்கே பீவிம்மா உக்காந்திருக்காங்க, நானும் இருக்கேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிட்டா விட்டுது, ஆனா சொல்ல வழியில்லாம சத்தியம் பண்ணியாச்சே! முன் வரிசையிலேருந்து பூங்காவனம் திரும்பி, "அப்பா, உங்களைத்தாம்ப்பா! எழுந்திரிங்கப்பா!"ன்னு கத்துறா. அவளுக்குச் சந்தோஷம் தாங்கல. மெதுவா மேடைக்குப் போனாரு. மாலை போடக் குனிஞ்ச தலையை அப்புறம் நிமித்தவே இல்ல.

"எவ்வளவு அடக்கம் பாரு"ன்னு பக்கத்துல ஒருத்தி சொன்னா. பீவிம்மாவும் எல்லாரோடவும் சேந்து கை தட்டினாங்க. நான் தலையைத் தூக்கவே இல்ல.

அதுக்கப்புறம் அவர் யாருக்கும் துணி இரவல் குடுக்கல. சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக் கேட்டு வந்தப்பக்கூடக் கையை விரிச்சுட்டாரு, அதுல சொந்தபந்தம் பாதி விட்டுப் போச்சு. வண்ணாந்துறையில எல்லாரும் அவரை ஸ்ரீமான்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க. முதல்ல கேலிக்குத்தான், அப்புறம் அதுவே பேராயிருச்சு. "ஸ்ரீமான், அந்தக் கல்லு காலியா?" "ஸ்ரீமான், கஞ்சி இருக்கா?" ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சுண்டிப் போகும். கேட்டு வாங்கின பேராச்சே, வேணாம்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?

பீவிம்மா வீட்டு மூட்டை வாராவாரம் வருது. வருஷத்துக்கு ஒரு தடவை, நாடகத்துக்கு முன்னால, அந்தக் கோட்டும் பள்ளிக்கூடத்துலேருந்து எங்க வீட்டுக்கு வரும். குடுத்த புண்ணியவானே வெளுத்தும் குடுக்கட்டும்னு கிராணி அனுப்பி வைப்பாரு. இவர் அதைத் தனியா எடுத்துக்கிட்டுப் போய், தண்ணியில போடறதுக்கு முன்னால மூக்குல வச்சுக்கிட்டு நிப்பாரு. ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கல.

"என்னத்தைத் தேடுறீங்க? அலசினது நீங்கதானே?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் என்னைப் பாக்காமலே சொன்னாரு.

"தையலுக்குள்ள எங்கயாவது கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்குமோன்னுதான். இருந்தா அலச வேணாம், கொண்டு போய்க் குடுத்துரலாம்."

இன்னொரு தடவை மோந்து பாத்துட்டு, கோட்டைத் தண்ணியில முக்கினாரு.