வண்டி யார் பேருக்கு?

போன சனிக்கிழமை ஒரு கார் ஷோரூமில் உட்கார்ந்து பேரம் பேசினேன். எனக்காக இல்லை. என்னிடம் இருப்பது இன்னும் அதே ஸ்கூட்டர்தான். பேரத்தில் ஜெயித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, இருட்டின பிறகும் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, தலைவலியா?" என்றாள் மனைவி.

ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டேபிள் ஃபேன் ஒன்றைப் பாதி விலைக்குப் பேசி வாங்கின பிரதாபத்தை இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களில் ஒருவர் தேவசகாயம் சார். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி வாடகைக்கு இருக்கிறார். ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். ரிடையராக இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி.

"சார், நீங்க ஒரு நாள் என்கூட வரணும். கார் புக் பண்ணணும்" என்றார்.

எனக்கு ஆச்சரியம். அவர் சைக்கிளில் ஸ்கூலுக்குப் போகிறவர். மழை பெய்தால் மட்டும் பஸ்.

"யாருக்கு சார் கார்?"

"கிரேஸுக்கு... கிரேஸ் கல்யாணத்துக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "மாப்ளைக்கு" என்றார்.

கிரேஸ் அவருடைய ஒரே பெண். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. டியூட்டி முடிந்து ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது என்னைப் பார்த்தால் "குட் ஈவினிங் அங்கிள்" சொல்லாமல் தாண்ட மாட்டாள். மாப்பிள்ளை ஸ்டான்லி ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். நிச்சயம் முடிந்துவிட்டது. நகையெல்லாம் பேசி முடித்த பிறகு, மாப்பிள்ளையின் அப்பா பொன்னையா எழுந்து செருப்பு மாட்டிக்கொள்ளும்போது சொன்னாராம்: "நாங்க எதுவும் கேக்கலை சம்பந்தி. ஒரு சின்ன கார் இருந்தா உங்க பொண்ணுக்குத்தானே சௌகரியம்?"

கேட்கவில்லை. கவனித்தீர்களா? அவர் எதுவுமே கேட்கவில்லை!

"பணத்துக்கு என்ன சார் பண்ணீங்க?" என்றேன்.

"ஊரப்பாக்கம் மனையைக் கொடுத்துட்டேன்."

அந்த மனையை எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். நாலு மூலையிலும் கல் நட்டு, சுற்றிலும் முள்செடி. "இங்கே ஹால், இங்கே கிச்சன், கிரேஸ் வந்தா தங்க இந்த ரூம்" என்று வெயிலில் நடந்து நடந்து காட்டினார். ரிடையரானதும் பணம் வரும், வீடு கட்டலாம் என்பது அவர் கணக்கு.

"நல்ல விலைக்குப் போச்சா?"

"வந்தவர் சொன்ன விலைக்கே கொடுத்துட்டேன் சார். கல்யாண அவசரம்... எனக்குப் பேசவும் தெரியாது. அதான் இதுக்காவது நீங்க வாங்க."

சரி என்றேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிற ஷோரூம். முன்பெல்லாம் கார் புக் பண்ணினால் வருஷக்கணக்கில் காத்துக் கிடப்போம், ஞாபகமிருக்கிறதா? டீலர் நம்மைப் பார்த்துத் தலையாட்டினாலே பாக்கியம். டெலிவரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், மேலே பணம் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள ஆள் நிற்பான். இப்போது கதையே வேறு. ஷோரூமுக்கு ஷோரூம் போட்டி. கண்ணாடிக் கதவு, ஜில்லென்று ஏ.சி., உட்கார்ந்ததும் கூல் டிரிங்க்.

தேவசகாயம் சார் கூல் டிரிங்கைத் தொடவில்லை. பில்லில் சேர்த்துவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

மாப்பிள்ளையும் பொன்னையாவும் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். கலர் பார்க்கப் பெண்ணும் வரட்டும் என்று சொல்லியிருந்ததால் கிரேஸும் எங்களோடு வந்திருந்தாள். ஆக, மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர். அந்தப் பக்கம் டை கட்டின ஓர் இளைஞன், சுழல் நாற்காலியில். பெயர் பிரகாஷ்.

ஆரம்பித்தேன்.

"ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே தம்பி, அது என்ன?"

"வண்டியை ஃபேக்டரியிலேருந்து கொண்டுவர்றது, கிளீன் பண்றது... அதெல்லாம் சார்."

"கிளீன் பண்ணாமலே கொடுங்க. வீட்டுக்குப் போய் நாங்களே துடைச்சுக்கறோம்."

கிரேஸ் சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"கம்பெனி விலை சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று பிரகாஷ் பழைய பாட்டைப் பாடினான். நான் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். எழுந்துவிட்டேன். "பரவாயில்லை தம்பி. மவுன்ட் ரோட்ல ஒரு ஷோரூம்ல வரச்சொல்லியிருக்காங்க. அங்கேயும் பார்த்துடறோம்." தேவசகாயம் சாரின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, நிதானமாகக் கதவு வரை நடந்தேன். மவுன்ட் ரோட்டில் யாரும் வரச்சொல்லவில்லை. கதவின் கைப்பிடியைத் தொட்டேன்...

"சார், சார்! ஒரு நிமிஷம். மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்."

கேட்டுவிட்டு வந்தான். நாங்களும் திரும்பி வந்து உட்கார்ந்தோம். ஹேண்ட்லிங் சார்ஜ் கிடையாது. சீட் கவர் இலவசம். வண்டி விலையிலேயே நாலாயிரம் ரூபாய் குறைத்தார்கள். தேவசகாயம் சார் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கை அப்படி ஈரமாக இருந்தது.

நான் அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும், கணக்கு அதோடு முடிந்திருக்கும்... எங்கே!

"அட, இவ்வளவு குறைச்சுட்டாங்களா?" என்று பொன்னையா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அப்ப அந்த ஏ.சி. மாடலே எடுத்துடலாமே சம்பந்தி. மெட்ராஸ் வெயில்ல உங்க பொண்ணு எப்படிப் போவா?"

ஏ.சி. வண்டிக்கு இருபத்தைந்தாயிரம் கூட.

அதுவரை எங்களைப் பார்த்திருந்த பிரகாஷின் நாற்காலி மெதுவாகப் பொன்னையா பக்கம் திரும்பியது. பணம் கொடுக்கிறவர் ஒருவர், முடிவு பண்ணுகிறவர் இன்னொருவர் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. கூலிங் எவ்வளவு சீக்கிரம் வரும், மைலேஜ் பெரிதாகக் குறையாது என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தான். ஸ்டான்லி தலையைக் குனிந்து கலர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை, சிவப்பு, நீலம், சாம்பல். இவ்வளவு நேரம் பார்க்க அதில் என்ன இருக்கிறது?

தேவசகாயம் சார் என்னை வெளியே கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு டீக்கடை. இரண்டு டீ சொன்னேன்.

"அதையே எடுத்துடலாம் சார்" என்றார்.

"பணம்?"

"சொசைட்டில லோன் கேக்கறேன்... கிடைக்கும்."

"முடியாதுன்னு சொல்லிப் பாருங்களேன் சார்."

அவர் ஷோரூமின் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார். "இன்னா சார், புதுக் காரு வாங்க வந்துகினு மூஞ்சிய இப்டி வச்சிகினு கீறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லப்பா, வெயில்" என்றார் தேவசகாயம் சார்.

நாங்கள் உள்ளே திரும்பியபோது பிரகாஷ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தான். "வண்டி யார் பேருக்கு சார்?"

"ஸ்டான்லி பேருக்கு" என்று பொன்னையா சொல்லி முடிப்பதற்குள் கிரேஸ் பேசினாள்.

"என் பேருக்கு."

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் குரல் உயரவில்லை. எக்ஸ்சேஞ்சில் "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்கிற மாதிரி அதே குரல்.

"ஏ.சி. மாடலே எடுக்கலாம் மாமா. கூட ஆகற பணத்துக்கு நான் என் ஆபீஸ்ல லோன் போடறேன். என் சம்பளத்துல பிடிச்சுக்கட்டும், அப்பா கடன் வாங்க வேண்டாம். ஆனா வண்டி என் பேர்ல இருக்கட்டும்."

எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. சந்தையில் ஃபேன் வாங்கினதெல்லாம் ஒரு பேரமா? இதுவல்லவா பேரம்! பொன்னையா கேட்டதும் கிடைக்கிறது, அப்பாவுக்கும் பாரமில்லை, அந்த மனையில் ஏதோ ஒரு துளி பெண்ணின் பேரில் மிஞ்சுகிறது.

பொன்னையா சிரித்தார். "என்னம்மா, வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே உன் பேரு, அவன் பேருன்னு பிரிக்கறே?"

கிரேஸ் ஸ்டான்லியைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. என் பேர்ல இருந்தா உங்களுக்கு ஏதாவது கஷ்டமா?"

அவன் கலர் அட்டையை மூடினான். திறந்தான். "எனக்கு ஒண்ணுமில்ல கிரேஸ்... அப்பா பேசிட்டிருக்காங்க இல்ல?"

அவ்வளவுதான் அவன் அன்று பேசியது.

பொன்னையா எழுந்தார். தோளில் துண்டைச் சரிபண்ணிக்கொண்டார். "பொண்ணை நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க சம்பந்தி. ஸ்டான்லி, வா போலாம். இதைப் பத்தி வீட்ல போய் யோசிச்சுக்கலாம்." கதவைப் பார்த்து நடந்தார். நிதானமாக. பின்னாலேயே மகன்.

எனக்கு அந்த நடை நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே தரையில் நான் நடந்த நடை. அவர் கதவு வரைக்கும்தான் போவார். கைப்பிடியைத் தொடுவார், வெளியே போக மாட்டார். கார், நகை, வேலை பார்க்கிற பெண்... இத்தனையையும் விட்டுவிட்டு யார் போவார்கள்? தேவசகாயம் சாருக்குக் கண்ணைக் காட்டினேன். சும்மா இருங்கள் சார், ஒரு நிமிஷம் சும்மா இருங்கள்!

அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்தார்.

"சம்பந்தி, சம்பந்தி! சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா... தம்பி, மாப்ளை பேர்லயே எழுதுங்க. ஸ்டான்லின்னு எழுதுங்க."

கிரேஸ் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. சண்டைக்கு வருகிற மாதிரியும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் லைன் திடீரென்று கட்டாகிவிட்டால் ஒரு கணம் காத்திருந்து பார்ப்பார்களே, அந்த மாதிரி இருந்தது. பிறகு குனிந்து, விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

பொன்னையா திரும்பி வந்து உட்கார்ந்தார். வண்டி புக் ஆயிற்று. ஏ.சி. மாடல், வெள்ளைக் கலர். கூடுதல் பணம் அப்பாவின் சொசைட்டி லோன். நான் வாங்கிக் கொடுத்த நாலாயிரம்? அதில் மியூசிக் சிஸ்டம் போட்டுக்கொள்ளலாம் என்று பொன்னையாவே சொல்லிவிட்டார். பிரகாஷ் எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்து, "கங்கிராஜுலேஷன்ஸ் சார்" என்றான். பாவம், அவன் நிஜமாகத்தான் சொன்னான்.

பேரம் பேசுவதற்குச் சாமர்த்தியம் வேண்டும், நாக்கு வேண்டும் என்றெல்லாம் இந்தப் பக்கத்தில் அளந்திருக்கிறேன். அதெல்லாம் சும்மா. வேண்டாம் என்று எழுந்து போக முடிய வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அன்று முடிந்தது, ஏனென்றால் எனக்குக் கார் வேண்டாம். பொன்னையாவுக்கும் முடிந்தது. பெண்ணைப் பெற்ற அப்பா எந்தக் கதவை நோக்கி எழுந்து நடப்பார்?

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். தேவசகாயம் சார் முன்பக்கம் எங்கேயோ சீட் கிடைத்து உட்கார்ந்துவிட்டார். நானும் கிரேஸும் பின்னால் நின்றுகொண்டு வந்தோம். சானடோரியம் ஸ்டாப் தாண்டியதும் அவள் கம்பியைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அங்கிள், அவங்க கதவு வரைக்கும்தானே போயிருப்பாங்க?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன்.

"ஆமாம்மா."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு."

தாம்பரத்தில் இறங்கியதும் அவள்தான் அப்பாவின் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்தினாள். லாரிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. மறு பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவர் நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள், "வெயில்ல நிக்காதீங்கப்பா, நடங்க" என்றாள்.

வீட்டு வாசலில் பிரியும்போது தேவசகாயம் சார் என்னிடம், "நாளைக்குச் சர்ச்சுல முதல் ஓலை வாசிக்கறாங்க சார். நீங்க வந்தா எனக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றார்.

போனேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் பெண், மாப்பிள்ளை பெயரைப் படிப்பார்கள். அதைத்தான் ஓலை என்கிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தேவசகாயம் சார் எனக்கு இரண்டு வரிசை முன்னால். கிரேஸ் அந்தப் பக்கம், அம்மாவோடு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். போதகர் இரண்டு பெயரையும் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார்.

ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தேவசகாயம் சார் இருமினார். முன் வரிசைகள் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தன. கிரேஸும் பார்த்தாள்.

வெறும் இருமல்தான்.